அரைப்பேர்

மூன்று வாரமாக அந்த ஒப்படை (அசைன்மென்ட்) என் மேசையில் கிடக்கிறது. பதினொரு பக்கம். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து முதல் பக்க மூலையில் கறை விட்டிருக்கிறது. இலங்கை மலையகத்தின் ஹட்டன் ஈரத்தில் எந்தப் பின்னும் அதிக நாள் தாங்காது. என்னிடம் படிக்கும் முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுதியது, அதுவும் இரண்டாம் தடவை எழுதியது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவன் முதல் தடவை எழுதிக் கொடுத்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

தலைப்பு, பெருந்தோட்டப் பெண் தொழிலாளரின் நாட்சம்பளம். 2021 மார்ச்சில் 1000 ரூபாய்ச் சம்பளம் அரச வர்த்தமானியில் வந்ததிலிருந்து ஆரம்பித்திருந்தான். பிழையில்லாத எழுத்து, நன்றாகவே போனது. நான்காம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: ‘நிர்ணயிக்கப்பட்ட எடைக்கு இலைகளைப் பறிக்கத் தவறும் பெண்களுக்கு மேலாளர் பாதிப் பெயரை மட்டுமே வழங்குகிறார்.’ கையிலிருந்த சாயத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப வாசித்தேன். இலை பறித்தல். மேலாளர். பாதிப் பெயர்.

மலைக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். தேயிலைத் தோட்டத்தில் யாரும் இலை பறிப்பதில்லை, கொழுந்துதான் எடுப்போம். மேலாளர் என்று யாரையும் கூப்பிட்டதில்லை, அவர் துரை. ‘பேர்’ என்றால் எங்களுக்குப் பெயர் மட்டுமில்லை. செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் விழுகிற ஒரு நாள் வேலை, அந்த நாளுக்கான சம்பளம். ‘இந்த மாசம் எத்தன பேரு?’ என்று ஒரு பெண் இன்னொருத்தியைக் கேட்டால் எத்தனை நாள் சம்பளம் என்று அர்த்தம். தோட்டம் வைத்த கிலோக் கணக்கை எட்டாவிட்டால் அன்றைக்கு அரைப்பேர். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் நின்றதிலிருந்து பின்னேரம் கொழுந்து மடுவத்தில் நிறுத்துக் கொடுக்கும் வரை முழு நாளும் மலையில்தான் இருந்திருப்பாள். கணக்கில் மட்டும் பாதி நாள். என் அம்மா அந்தச் சொல்லை வாயால் சொல்லமாட்டார். அரைப்பேர் விழுந்த நாளில் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து இஸ்தோப்பு (வாசல் திண்ணை) கம்பியில் போடுகிற விதத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

இந்த மாணவனின் அம்மாவும் கொழுந்து எடுப்பவர். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்ட டிவிசனில், தொழிலாளரின் வரிசைவீடான லயத்தில் வளர்ந்த பிள்ளை அவன். நடை பழகும்போதே காதில் விழுந்த சொல் அரைப்பேர். அவன் கை எப்படிப் ‘பாதிப் பெயர்’ என்று எழுதும்?

மற்றவர் எழுத்தோடு ஒற்றுமை பார்க்கும் மென்பொருளில் அந்த ஒப்படையை ஏற்கெனவே போட்டிருந்தோம். 6 சதவீதம்தான் ஒத்துப்போகிறது, பிரச்சினையில்லை என்று பச்சை காட்டியது.

களவு என்கிற சொல்

கூப்பிட்டு அனுப்பினேன். அவன் வருவதற்குள் என்ன பேசுவதென்று மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டேன். எழுத்துக் களவைக் குறிக்கும் ‘பிளேஜியரிசம்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேரை முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வழக்கமாகச் சொல்வேன். லத்தீனில் ‘பிளேஜியாரியஸ்’ என்றால் ஆளைக் கடத்துகிறவன், அடுத்தவனுடைய அடிமையைக் களவாகக் கொண்டுபோகிறவன். கி.பி. முதலாம் நூற்றாண்டில் மார்ஷியல் என்ற ரோமக் கவிஞர், தன் கவிதைகளை அவனே எழுதியவைபோல வாசித்துக் காட்டிய ஒருவனை அந்தச் சொல்லால்தான் ஏசினார். தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு ஆள் பிடித்துக் கொண்டுவந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. வகுப்பு சட்டென்று அமைதியாகிவிடும்.

அன்றைக்கு அந்தப் பேச்சு எனக்கு வாயில் வரவில்லை. கதவோரம் குடையை மடக்கியபடி நின்றவனிடம் நான்காம் பக்கத்தைக் காட்டி, ‘இது நீங்க எழுதினதா தம்பி?’ என்று மட்டும் கேட்டேன்.

‘நான்தான் சேர் எழுதினேன். இங்கிலீசுல இருந்திச்சி. போன்ல தமிழுக்கு மாத்தி, பெறகு வசனமெல்லாம் நானே திருத்தி எழுதினேங்க.’

மறைக்க ஏதும் இருப்பதாக அவன் நினைக்கவில்லை. மொழிபெயர்த்துவிட்டால் அது தன் எழுத்து என்று உண்மையாகவே நம்பியிருந்தான். தமிழ்மொழி மூலம் படித்து வருகிற பிள்ளைகளில் பலருக்கு இந்த நம்பிக்கை உண்டு. அதற்குக் காரணம் எங்கள் பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. உயர்தரம் வரைக்கும் 13 வருடம், டியூஷன் சேர் சொல்லச் சொல்ல எழுதிய நோட்டையும் மாதிரி விடையையும் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தவனுக்குத்தான் புள்ளி. அந்த நோட்டு எந்தப் புத்தகத்திலிருந்து வந்ததென்று யாரும் கேட்டதில்லை, சேரும் சொன்னதில்லை. போட்டோகொபியைப் போட்டோகொபி எடுத்து, எழுத்து மங்கி, ஓரம் வெட்டுப்பட்டு, கடைசியில் யாருடையது என்றே தெரியாத தாளாகத்தான் அது மேசைக்கு வரும். அப்படிப் படித்து, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியை நன்றாக எடுத்து, குடும்பத்திலேயே முதல் ஆளாக உள்ளே நுழைகிற பிள்ளையிடம் முதல் வாரத்திலேயே சொல்கிறோம்: இத்தனை வருடம் கெட்டித்தனம் என்று மெச்சப்பட்ட வேலைக்கு இங்கே களவு என்று பெயர்.

தோட்டத்துப் பிள்ளையின் காதில் ‘கள்ளன்’ என்கிற சொல் எப்படி விழும் என்பதை ஒழுக்காற்று விதிகளை வாசித்துக் காட்டுகிறவர்கள் யோசிப்பதில்லை. காட்டில் விறகு பொறுக்கினாலும் களவு, மடியில் நாலு கொழுந்து கிடந்தாலும் களவு என்று கேட்டு வளர்ந்த காது அது. விதி வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அடுத்தவர் உழைப்பைத் தன் பேரில் எழுதுகிறவனை எனக்கும் பிடிக்காது. கற்றுக்கொடுக்காததற்குத் தண்டனை கொடுக்கும் அவசரம்தான் எனக்கு ஒப்பவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் மலையில் கொடுத்து வாங்குவது பழக்கம். என் அம்மாயிக்குக் கை வேகம். நிறுவைக்குப் போகும் வழியில், வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளின் கூடை குறைவாகத் தெரிந்தால், தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி அதில் போடுவார். அவளுக்கு அரைப்பேர் விழக்கூடாது, அவ்வளவுதான். அப்படி வளர்ந்த இடத்தில் நோட்டைக் கொடுப்பதும் ஒப்படையைக் கொடுப்பதும் பிள்ளைகளுக்கு உதவியாகத்தான் படும். ஆனால் அம்மாயி தன் கையால் அள்ளிப் போட்டார், யாருக்கு என்று அறிந்து போட்டார், வாங்கியவளுக்கும் யார் போட்டது என்று தெரியும். கூடைக்காரி அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது அள்ளினால் அது வேறு. பிள்ளைகளிடம் இந்த வித்தியாசத்தைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

அவனிடம் கேட்டேன்: ‘இந்த வரிய அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினா, அவங்க இத எப்புடிச் சொல்லுவாங்க?’

தாளை வாங்கிப் பார்த்தான். கொஞ்ச நேரம் எடுத்தது. ‘அரைப்பேருங்க சேர்’ என்றான். காது மடல் சிவந்துபோனது. தன் வீட்டுச் சொல் எங்கெங்கோ சுற்றிவந்து, ஆள் அடையாளம் தெரியாமல் தன் ஒப்படைக்குள் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் கண்டான்.

‘தெரிஞ்சிருந்தும் ஏன் அதை எழுதல்ல?’

‘அம்மா சொன்னத எழுதலாங்களா சேர்? அதுக்கு ரெபரன்ஸ் இல்லீங்களே.’

அதற்குப் பிறகு நான் பேசவில்லை. மழை தகரத்தில் அடிக்கிற சத்தம் மட்டும். இத்தனை வருடமாக வகுப்பில் நான் சொன்னதெல்லாம் எடுக்காதே, எடுத்தால் சொல்லு, சொல்லாவிட்டால் அகப்படுவாய் என்பதுதான். அதைக் கேட்ட பிள்ளை படித்துக்கொண்டது வேறு: அச்சில் இருப்பதுதான் ஆதாரம், அதுவும் ஆங்கிலத்தில் இருந்தால் இன்னும் உறுதியான ஆதாரம், லயத்துக் காம்பராவில் பேசுவது எதிலும் சேராது. 20 வருடமாகக் கொழுந்து எடுக்கிற ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொழுந்து எடுப்பதைப் பற்றி யாரோ எழுதியதைப் போனில் தேடியிருக்கிறான். நம் நாட்டில் புத்தகப் பட்டியலுக்கு ‘உசாத்துணை’ என்று எவ்வளவு நல்ல சொல் வைத்திருக்கிறோம். உசாவுவது என்றால் கேட்டு விசாரிப்பது. கேட்பதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். அந்தச் சொல்லைப் பலகையில் எழுதி எழுதி அடிக்கோடு போட்ட எனக்கே இது அன்றைக்குத்தான் உறைத்தது.

வரி வந்த வழி

அந்த வரி எங்கே பிறந்தது என்று பார்த்துவிடலாம் என்று இருவரும் உட்கார்ந்தோம். அவன் போனில் இருந்த ஆங்கிலப் பக்கத்தில் எழுதியவர் பெயரே இல்லை. ‘அதுலயும் பேரு போடலீங்க சேர்’ என்றான். அவன் பக்கம் அது நியாயம்தான். அந்த வசனத்தை மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடினோம். அதே வசனம் கமா கூட மாறாமல் இன்னும் நான்கு இடங்களில் இருந்தது. அதில் ஒன்று நீளமான அறிக்கை. அங்கே வசனத்தின் முடிவில் ஒரு சிறிய எண், பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு: 1990களில் வந்த தமிழ்ச் சஞ்சிகை ஒன்றின் பெயரும் இதழ் எண்ணும். ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் தேடினால் அந்த இதழின் ஸ்கேன் இருந்தது. 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக ஏற்றிவைத்து, யாரும் காசில்லாமல் வாசிக்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். மலையகம் பற்றி எழுதுகிற எந்தப் பிள்ளையும் கூகுளுக்குப் போகுமுன் அங்கே போக வேண்டும் என்று எல்லா வகுப்பிலும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

மங்கலான ஸ்கேன். பெரிதாக்கி வாசித்தோம். கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணோடு செய்த நேர்காணல். அவர் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிசன், பேட்டி கண்டவர் பெயர், எல்லாம் ஒழுங்காக இருந்தன. அரைப்பேர் என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. அந்தம்மா சொன்ன விஷயம் இதுதான்: மழையில்லாத மாதங்களில் செடியில் கொழுந்தே இருக்காது, எவ்வளவு கைவேகம் உள்ளவளும் கிலோவை எட்டமுடியாது, அப்போதும் அரைப்பேர்தான் போடுகிறார்கள்.

இப்போது அந்த வரியைத் திரும்பப் பாருங்கள். ‘பறிக்கத் தவறும் பெண்கள்’. தவறியது செடி. வரி நடந்துவந்த வழியில் எங்கோ அது பெண்களின் தவறாக மாறிவிட்டது. சஞ்சிகையிலிருந்து அறிக்கைக்குப் போனபோது அந்தம்மாவின் பெயரும் தோட்டமும் உதிர்ந்தன, சஞ்சிகையின் பெயராவது தங்கியது. அறிக்கையிலிருந்து பெயரில்லாத இணையப் பக்கத்துக்குப் போனபோது அடிக்குறிப்பும் போனது, மழையில்லாத மாதமும் போனது. போன் அதைத் தமிழாக்கியபோது கொழுந்து இலையாயிற்று, அரைப்பேர் பாதிப் பெயராயிற்று. கடைசியில், தன் வர்க்கத்துப் பெண்களைக் குற்றம் சொல்கிற ஒரு வரியைக் கொழுந்துக்காரி ஒருத்தியின் மகன் தன் பெயரில் எழுதிக் கையெழுத்தும் போட்டு என்னிடம் கொடுத்திருக்கிறான்.

மேற்கோள் காட்டுவதை மரியாதை என்றும் நேர்மை என்றும் மட்டும்தான் அதுவரை பேசிவந்திருக்கிறேன். அது திரும்பிப் போகும் வழி என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். அந்த அறிக்கையின் அடியில் இருந்த ஒற்றை வரிக் குறிப்பு இல்லாவிட்டால் நாங்கள் அந்தம்மாவிடம் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. தவறியது யார் என்று கடைசிவரை தெரிந்திருக்காது.

எத்தனை வகை அரைப்பேர்

அடுத்த வாரம் வகுப்பில் இந்தச் சொல்லை வைத்துத்தான் பேசினேன். அவனிடம் கேட்டுக்கொண்டு, அவன் கதையைச் சொல்லாமல். களவு என்றால் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அரைப்பேர் என்றதும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கடைசிப் பக்கத்தில் பத்துப் புத்தகத்தின் பெயரை அடுக்கிவிட்டு, உள்ளே எந்த வசனம் எதிலிருந்து வந்ததென்று ஓரிடத்திலும் சொல்லாமல் விடுவது அரைப்பேர். எங்கள் பிள்ளைகள் அதிகம் செய்வது இதுதான். பட்டியல் போட்டாயிற்றே என்று நிம்மதியாக இருப்பார்கள். வேறொருவர் புத்தகத்தில் எடுத்துக்காட்டியிருந்ததை வாசித்துவிட்டு, மூலநூலையே கையில் எடுத்துப் படித்தவர்போல அதை மட்டும் குறிப்பிடுவது இன்னொரு அரைப்பேர். எவர் நூலில் கண்டீர்களோ அவரையும் சொல்லுங்கள், ‘இன்னார் எடுத்துக்காட்டியபடி’ என்று எழுத ஒரு நிமிடம் ஆகாது. பெயரைப் போட்டுவிட்டு, அவருடைய சொற்களையே அப்படியே எழுதிவிட்டு, மேற்கோள்குறி போடாமல் விடுவதும் அதே கணக்குத்தான். கருத்து அவருடையது என்று ஒத்துக்கொண்டோம், வசனத்தைக் கட்டிய உழைப்பை நம்முடையதாக்கிக்கொண்டோம். நாங்கள் பின்பற்றும் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) மேற்கோள் முறையின் 2019ஆம் ஆண்டு 7ஆம் பதிப்பில் நேர்மேற்கோளுக்குப் பக்க எண் வேண்டும். 40 சொல்லும் அதற்கு மேலும் போனால் குறி இல்லாமல் தனிப் பந்தியாக உள்தள்ளி எழுத வேண்டும். இந்த விதிகளை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பார்த்து எழுதலாம்.

கஷ்டமானது, சொந்தச் சொல்லில் எழுதுவது. பலகையில் ஒரு வசனம் எழுதிப் போட்டேன்: ‘மழை விடாத மாதங்களில் கொழுந்தின் ஈர எடைக்காகக் கழிக்கப்படும் கிலோக்கள் தொழிலாளியின் நாட்கணக்கைக் குறைக்கின்றன.’ சொந்தச் சொல்லில் எழுதச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் எழுதியது இது மாதிரி: ‘அடைமழைக் காலங்களில் கொழுந்தின் ஈரப் பாரத்துக்காக வெட்டப்படும் கிலோக்கள் பணியாளரின் நாட்கணக்கைச் சுருக்குகின்றன.’ எலும்புக்கூடு அதே, சட்டை மட்டும் வேறு. ரெபெக்கா மூர் ஹவர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதற்கு ‘பேட்ச்ரைட்டிங்’ என்று பெயர் வைத்தார், ஒட்டுப்போட்ட எழுத்து. புதிய துறைக்குள் வரும் மாணவர் அந்தத் துறையின் பேச்சைப் பழகும்போது கடந்துபோகிற படி இது, உடனே குற்றமாகப் பார்க்காதீர்கள் என்பது அவர் வாதம். எனக்கு அது சரியாகப் படுகிறது, அந்தப் படியிலேயே மூன்றாம் ஆண்டு வரை உட்கார்ந்திருக்க விடாத வரைக்கும். பலகையை அழித்தேன். ‘இப்ப பக்கத்துல இருக்கிறவங்களுக்கு வாயால சொல்லுங்க, பெறகு எழுதுங்க’ என்றேன். பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுதினாள்: ‘நனைந்த கொழுந்துக்குக் கிலோ கழிப்பதால் சிலருக்கு முழுப்பேர் விழுவதில்லை என்கிறார் இவர்.’ அதில் ‘என்கிறார் இவர்’ என்ற இரண்டு சொல்லையும் அவளாகவே போட்டாள். தொல்காப்பியர் பல சூத்திரங்களை ‘என்மனார் புலவர்’ என்று முடிக்கிறாரே, அந்தப் பழக்கம் நம் மொழியில் எங்கோ இன்னும் இருக்கிறது.

சாட்ஜிபிடி பற்றியும் கேட்டார்கள். அது தருகிற நூற்பட்டியலைத் தேடிப் பார்த்தால் சில நூல்கள் உலகத்திலேயே இருக்காது. வேலைக்கு வராத ஆளின் பேரைச் செக்ரோலில் போட்டுச் சம்பளம் எடுத்த கதைகள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. கண்ணால் பார்க்காத நூலை உசாத்துணையில் போடுவது அதுதான் என்றேன், அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எல்லாவற்றுக்கும் மூலம் காட்ட வேண்டுமா என்றும் ஒரு கேள்வி. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது என்பதற்கு வேண்டாம், ஊரறிந்த விஷயம். அந்தச் சட்டத்தால் உரிமையிழந்தவர்கள் இத்தனை பேர் என்று எண் போட்டால் கட்டாயம் வேண்டும். அப்பன், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும், இந்த மண்ணில் பிறந்தார்கள் என்பதற்குத் தாள் காட்டமுடியாமல் நாடற்றவர்களான சனம் நாங்கள். ஆதாரம் எங்கே என்று கேட்டாலே எங்கள் வீடுகளில் ஒரு நடுக்கம் வரும். அதனாலேயே ஆதாரம் எழுதும் இடத்தில் இப்போது நாங்கள் உட்கார்ந்திருக்கும்போது அதை அரையும் குறையுமாகச் செய்வதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மூன்று பெயர்

அவனுக்குத் திருப்பி எழுத இரண்டு வாரம் கொடுத்தேன். அம்மாவை நேர்காணல் செய்யச் சொன்னேன். எதற்காகக் கேட்கிறான், எங்கே எழுதுவான், யார் வாசிப்பார்கள் என்பதையெல்லாம் முதலிலேயே சொல்ல வேண்டும்; பெயர் போடலாமா என்று கேட்க வேண்டும்; வேண்டாம் என்றால் மாற்றுப்பெயர். பெயரை விழுங்குவதும் பாதுகாப்புக்காகப் பெயரை மறைப்பதும் வேறு வேறு. முன்னதில் அவரைக் கேட்பதில்லை, பின்னதில் அவர்தான் தீர்மானிக்கிறார்.

அவன் அம்மா முதலில் பயந்தாராம். ‘தொரைக்குத் தெரிஞ்சிட்டா?’ என்று கேட்டிருக்கிறார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் ரொட்டி சுட்டுக்கொண்டே, ‘போடு, பொய்யா சொல்றேன்’ என்றாராம். அன்று இரவு அவன் எனக்குப் போன் எடுத்தான்.

‘சேர், அம்மாவுக்கு மூணு பேரு இருக்குங்க. ஐடென்டிட்டி கார்ட்ல ஒண்ணு, செக்ரோல்ல ஒண்ணு, வீட்டுல ஒண்ணு. எதப் போடுறது?’

மலையகத்தில் இது ஒரு வீட்டுக் கதையில்லை. பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதினார், செக்ரோலில் வேறொருவர் தன் கைக்கு வந்தபடி எழுதினார். அதன் மேல் இந்த மேற்கோள் முறைகள் வேறு குடும்பப் பெயரை முதலில் கேட்கின்றன. நமக்கு ஏது குடும்பப் பெயர்? மலைநாட்டு நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவர், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவரை ‘வேலுப்பிள்ளை, சி. வி.’ என்று எழுதினால் சரி. அவருடைய சொந்தப் பெயரே வேலுப்பிள்ளைதான். ஆனால் தகப்பன் பெயரை முழுதாகப் பின்னால் எழுதுகிற ஒரு பெண்ணின் பெயரை மென்பொருளில் அப்படியே போட்டால், அவளைத் தள்ளிவிட்டு அப்பாவை ஆசிரியராக்கிவிடும். நான் அவனிடம் சொன்னது ஒன்றுதான்: அம்மாவிடமே கேளுங்கள்.

அவர் வீட்டுப் பெயரைச் சொன்னார். அவருடைய அப்பா வைத்த பெயர், எந்தத் தாளிலும் இல்லாதது. இரண்டாம் ஒப்படையின் நான்காம் பக்கத்தில் இப்போது அந்தப் பெயர் இருக்கிறது, திகதியோடும் டிவிசனோடும். அரைப்பேர் என்ற சொல் அப்படியே இருக்கிறது, அடியில் இரண்டு வரி விளக்கத்தோடு. 1990களின் அந்தச் சஞ்சிகை நேர்காணலையும் பக்க எண் போட்டுக் காட்டியிருக்கிறான். அந்தப் பெண்ணும் தன் அம்மாவும் இத்தனை வருட இடைவெளியில் எங்கே ஒன்றுபடுகிறார்கள், எங்கே வேறுபடுகிறார்கள் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறான். முழுக்க அவனுடைய ஒன்றரைப் பக்கம். அவன் அம்மாவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் சம்மதம் கொடுத்தது மகனின் ஒப்படைக்கு.

உசாத்துணையின் கடைசியில் ‘நேர்காணல்கள்’ என்று தனித் தலைப்புப் போட்டு அங்கேயும் அவர் பெயரைச் சேர்க்கச் சொன்னது நான். ஏபிஏ முறைப்படி அது இல்லை. தனிப்பட்ட உரையாடல் என்றால் உள்ளே மட்டும் குறிப்பிட வேண்டும், பட்டியலில் வராது. மற்றவர் தேடிப்போய்ப் பார்க்க முடியாதது பட்டியலில் எதற்கு என்பது அவர்கள் நியாயம். ஆனால் அதே 7ஆம் பதிப்பு பூர்வகுடிகளின் வாய்மொழி அறிவை எப்படிக் குறிப்பிடுவது என்று தனியாகப் பேசுகிறது. கனடாவில் எட்மன்டனிலுள்ள நோர்குவெஸ்ட் கல்லூரி, பூர்வகுடி முதியவர்கள் வாய்மொழியாகச் சொன்னதை அவர்களின் பெயர், சமூகம், வாழும் இடம் என்பவற்றோடு பட்டியலிலேயே சேர்க்க ஒரு மாதிரி வடிவம் செய்து வைத்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எனக்குத் துணிவு வந்தது.

புள்ளி போடும் இரண்டாம் திருத்துநரிடம் போய்வந்த ஒப்படை இப்போது என் மேசையில். அந்தம்மாவின் பெயரைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, ‘இது ஒரு மூலமா? பட்டியலிலிருந்து நீக்குக’ என்ற குறிப்பு. நீக்குவது சுலபம், ஒரு கோடு போதும். மூன்று வாரமாகப் போடவில்லை. அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு என்று சில நாள் தோன்றுகிறது, முறை என்று ஒன்றை ஏற்றுக்கொண்டால் முழுதாக ஏற்க வேண்டாமா என்று. மறுபடி அந்தப் பக்கத்தைப் புரட்டினால் ‘பொய்யா சொல்றேன்’ என்று ரொட்டிக் கல்லின் முன்னால் நின்றவர்தான் நினைவுக்கு வருகிறார். செவ்வாய்க்கிழமை திருத்துநர் கூட்டம். ஒப்படையையும், அந்தச் சஞ்சிகைப் பக்கத்தின் பிரதியையும், கனடாக்காரர்களின் வடிவத்தையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிட்டுப் புதியது குத்த வேண்டும்.